பெயரை மறைத்து நடித்த ஜெர்மன் வில்லன்: யார் இந்த குஸ்டாவ் வான் சைஃபர்டிட்ஸ்?

ஒட்டிய கன்னம், நீண்ட கூர் மூக்கு, சிரித்தாலும் பயமுறுத்தும் கண்கள். 1920களில் ஹாலிவுட்டுக்கு வில்லன் வேண்டுமென்றால் நினைவுக்கு வந்த முகங்களில் இதுவும் ஒன்று. சொந்தக்காரர், குஸ்டாவ் வான் சைஃபர்டிட்ஸ். முகம் அவருக்குச் சோறு போட்டது. பெயர்தான் சிக்கலில் மாட்டிவிட்டது. என்ன நடந்தது?

ஐம்பதுக்கு மேல் சினிமா

1862-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் பிறந்தவர். அமெரிக்கா வந்து நியூயார்க் நாடக மேடைகளில் நடிகராகவும் இயக்குநராகவும் இருந்தார். சினிமாவில் மும்முரமாக இறங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அது மௌனப்படக் காலம். வசனம் எழுத்தாகத்தான் திரையில் வரும். நடிகரின் உச்சரிப்பு யார் காதிலும் விழாது. வெளிநாட்டுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேணும்?

பெயரைத் தேடி வந்த போர்

1917 ஏப்ரலில் அமெரிக்கா ஜெர்மனி மீது போர் அறிவித்தது. ஜெர்மன் வாடை அடித்த எல்லாமே சந்தேகத்துக்குள்ளானது. ஜெர்மானியர்களின் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கே 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று பெயர் மாற்றிய காலம் அது. 'வான்' என்பதோ ஜெர்மன் பிரபுக் குடும்பங்களின் அடையாளம். போஸ்டரில் அதைப் போட்டால் என்ன ஆகும்?

அதனால் திரையில் 'ஜி. பட்லர் க்ளோன்பா' ஆனார். வேடிக்கை என்னன்னா, 1918-ல் செசில் பி. டிமில் இயக்கிய 'டில் ஐ கம் பேக் டு யூ' என்ற போர்ப் படத்தில் இந்த ஆங்கிலப் பெயரோடு அவர் ஏற்றது ஜெர்மன் வில்லன் வேடம்! ஜெர்மானியராக நடிக்கலாம், ஜெர்மானியராக இருக்கத்தான் கூடாது.

பொம்மையை நசுக்கிய கை

போர் முடிந்ததும் சொந்தப் பெயர் திரும்பியது. 1922-ல் ஜான் பேரிமோர் நடித்த 'ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்தில் பேராசிரியர் மோரியார்ட்டி இவர்தான். 1926-ல் மேரி பிக்ஃபோர்டின் 'ஸ்பாரோஸ்' வந்தது. சதுப்பு நிலத்துக்கு நடுவே குழந்தைகளை அடைத்துவைத்துக் கொடுமைப்படுத்தும் கிரைம்ஸ் வேடம். ஒரு தாய் தன் குழந்தைக்கு அனுப்பிய பொம்மையை நசுக்கிச் சேற்றில் எறிந்துவிட்டு, அது மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் காட்சிக்கு வசனமே தேவையில்லை.

பேச்சு வந்த பிறகு

1920களின் கடைசியில் பேசும் படம் வந்ததும் உச்சரிப்பு பெரிய பிரச்சினையானது. சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கர் வாங்கிய எமில் யானிங்ஸே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டார். சைஃபர்டிட்ஸ் போகவில்லை. நாயகனின் உச்சரிப்பு எல்லாருக்கும் புரியணும். குணச்சித்திர நடிகருக்கோ அதுவே அடையாளம். மார்லீன் டீட்ரிச்சின் 'டிஸ்ஹானர்ட்' (1931) படத்தில் உளவுத் துறைத் தலைவர், 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) படத்தில் அபின் வியாபாரி. இரண்டுமே பேர் சொல்லும் வேடங்கள். பிறகு வேடங்கள் சிறிதாகிக்கொண்டே போயின.

1943 டிசம்பர் 25-ல் அவர் காலமானபோது அமெரிக்கா மறுபடியும் ஜெர்மனியோடு போரில் இருந்தது. 'க்ளோன்பா'வை இன்று யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் தொலைந்ததாக நினைக்கப்பட்ட 'ஷெர்லாக் ஹோம்ஸ்' படச்சுருள்கள் 1970களில் கிடைத்தன. அந்தப் படமும் 'ஸ்பாரோஸ்' படமும் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அவரைத் தெரிந்துகொள்ள 'ஸ்பாரோஸ்' படத்தின் முதல் சில நிமிடங்களே போதும்.