கண் மட்டும் போதுமா?

‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘இயற்கை எழில் கொஞ்சும் ஆரம்பாக்கம்’ என்று தொடங்கி, பச்சைப் பசேலென்ற வயல், நீல வானம், வெள்ளித் தகடெனப் பளபளக்கும் நீர்ப்பரப்பு என்று மூன்று பக்கம் நிரப்பினேன். பேராசிரியர் ஊர்ப்பெயரை மட்டும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். “இப்போது படித்துப் பார். இது எந்த ஊர்?” என்றார். படித்தேன். அது எந்த ஊராகவும் இருக்கலாம். என் ஊராக மட்டும் இல்லை.

பிழை எங்கே? கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே எழுதியிருந்தேன். அதையும் நேரே பார்த்து எழுதாமல், கேட்டுப் பழகிய அடைமொழிகளை எடுத்து அடுக்கியிருந்தேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பிரிக்கிறது. தொடுவுணர்வு முதலாவது, பிறகு சுவை, மணம், காட்சி, ஓசை, ஆறாவது மனம். இவ்வரிசையில் கண் நான்காவதாகவே வருகிறது. நம் கட்டுரைகளிலோ முதலும் கண், முடிவும் கண்.

பழம்புலவர்கள் புலன்களை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்குப் பட்டினப்பாலை நல்ல சான்று. 301 அடிகள் கொண்ட இந்நூலைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். சோழநாட்டு வயல்களின் விளைச்சலைச் சொன்னதோடு அவர் நின்றுவிடவில்லை. மணம் கமழும் கரும்பாலையின் தீ வெம்மை தாக்கி, அருகில் நீர் நிறைந்த வயலில் நின்ற நெய்தற்பூ அழகிழந்து வாடுகிறது என்கிறார். பாகின் மணம், தீயின் சூடு, வாடிய பூ: மூன்று புலன்கள் ஒரே செய்தியில் சேர்கின்றன. கரும்பு மிகுதி, ஆலை ஓயவில்லை, வயலில் நீர் வற்றவில்லை என்பதெல்லாம் கேளாமலே நமக்கு விளங்கிவிடுகின்றன.

இதிலிருந்து நாம் கற்கத்தக்கவை மூன்று. ஒன்று, ‘அழகு’, ‘வளம்’ என்று முடிவைச் சொல்வதினும், அம்முடிவுக்கு நம்மைக் கொண்டுவந்த பொருளைச் சொல்வது மேல். இரண்டு, பூ என்னாமல் நெய்தல் என்று பெயரிட்டுச் சொல்லவேண்டும். மூன்று, ஐம்புலனையும் ஒரே பத்தியில் திணிக்கக்கூடாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்வதே ஆறாம் அறிவாகிய மனத்தின் வேலை.

அந்தக் கட்டுரையை மீண்டும் எழுதினேன். விடியற்காலையில் ரயிலுக்குக் காத்து நிற்கிறோம். கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் உதட்டை நனைத்தால் உப்புக் கரிக்கிறது. மீன்கூடை இறக்கிய இடத்தில் தரை காலில் பிசுபிசுக்கிறது. தேநீர்க் கடையில் தமிழில் கேட்ட கேள்விக்குத் தெலுங்கில் விடை வருகிறது. இருவருக்குமே அது புதிதாகத் தோன்றவில்லை. வண்டி எளாவூரைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டியை நெருங்குகிறது. சேற்று வாடை மறைந்து, ஆலைப் புகையின் காரம் தொண்டையில் ஏறுகிறது. பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, முந்தானையால் மூக்கை மூடுகிறார்கள்.

இம்முறை ஊர்ப்பெயரை நானே எழுதவில்லை. வகுப்பில் படித்தபோது, அதே வண்டியில் வரும் நண்பர்கள் உடனே கண்டுகொண்டார்கள். ஆனால் ஒருவர் சொன்னது மனத்தில் தைத்தது: “அந்தப் புகை எனக்கு இப்போதெல்லாம் தெரிவதே இல்லை.”

நண்பர்களே, பழகப் பழகப் புலன்கள் மரத்துப்போகின்றன. அவற்றை விழிக்கச் செய்வதுதான் வருணனையின் பயன். அன்று கரும்பாலைத் தீயில் நெய்தல் வாடியதைப் புலவர் ஒருவர் கவனித்து எழுதிவைத்தார். இன்றும் நாம் அறிகிறோம். இன்று நம் ஊர்களில் வாடுவது எது, மலர்வது எது என்பதை நம்மைத் தவிர யார் எழுதப் போகிறார்கள்?