ஒன்பது பேர் அலுவலகத்தில் ஆறு மாதங்கள்

“எந்த நிறுவனம்?” என்று அம்மா கேட்டார். பெயரைச் சொன்னேன். “கேள்விப்பட்டதே இல்லையே” என்றார். உண்மையைச் சொன்னால், அதற்கு முந்தைய வாரம்வரை நானும் கேள்விப்பட்டதில்லை.

அப்போது நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு. வேலைப் பயிற்சிக்கு என் தோழிகள் இருவருக்கு வங்கிகளில் இடம் கிடைத்தது. இன்னொருவருக்கு அரசாங்க அமைப்பு. எனக்குக் கிடைத்தது குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், ஆயர் ராஜா கிரசெண்ட்டில், ஒன்பது பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம். துணைப்பாட நிலையங்கள் வகுப்பு அட்டவணை போடவும் கட்டணம் வசூலிக்கவும் பயன்படுத்தும் மென்பொருளை அவர்கள் உருவாக்கி விற்கிறார்கள்.

செப்டம்பரில் சேர்ந்தேன், பிப்ரவரியில் முடித்தேன். “சின்ன கம்பெனியில் வேலை எப்படி?” என்று கல்லூரியில் இளைய மாணவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களே அதைப் பற்றி வேறு வேறு விதமாகத்தான் நினைத்தார்கள்.

பழைய தொழிற்கூடம், புதிய வேலை

ஒன்-நார்த் எம்ஆர்டி நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு பாகையில் சிங்கப்பூர் இருப்பதால் அந்த வட்டாரத்துக்கு அந்தப் பெயர். அங்குள்ள புளோக் 71 ஒரு பழைய அடுக்குமாடித் தொழிற்கூடம். இடிக்கப்படவிருந்த அந்தக் கட்டடத்தை, 2011ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சிங்டெல், ஊடக மேம்பாட்டு ஆணையம் ஆகியவையும் சேர்ந்து புதிய நிறுவனங்களுக்கான இடமாக மாற்றின. பிறகு பக்கத்துப் புளோக்குகளும் சேர்ந்துகொண்டன.

உள்ளே இன்னும் தொழிற்கூடத்தின் சாயல் போகவில்லை. நீண்ட நடைபாதை, சரக்கு மின்தூக்கி, வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஐந்து பேர், பத்து பேர், இருபது பேர்.

முதல் வாரமே உண்மையான வேலை

வங்கியில் இருந்த என் தோழிக்குக் கணினி அனுமதி கிடைக்கவே மூன்று வாரமானது. எனக்கோ இரண்டாம் நாளே வேலை வந்தது. பெற்றோருக்குப் போகும் கட்டண நினைவூட்டல் குறுஞ்செய்தியில் ஒரு சிறு மாற்றம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். பத்தாம் நாள் அது வாடிக்கையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது.

பதினோராம் நாள் அதிகாலை 3 மணிக்கு, ஒரு துணைப்பாட நிலையத்தின் பெற்றோர் அனைவருக்கும் ஒரே செய்தி இரண்டு முறை போனது. நேர மண்டலத்தை நான் தவறாக எழுதியிருந்தேன். பிற்பகல் போக வேண்டியது அதிகாலையில் போயிருந்தது.

அன்று காலை அழுகையை அடக்கிக்கொண்டு அலுவலகம் போனேன். நிறுவனர் கத்தவில்லை. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் எப்படி மன்னிப்புக் கேட்கிறார் என்பதை நான் கேட்டேன். பிறகு, இதே தவறு மறுபடி நடந்தால் வெளியே போகும் முன்பே பிடித்துவிடும் சோதனை நிரலை எழுதச் சொன்னார். அதற்கு இரண்டு நாள் ஆனது. பாடத்தில் ‘சோதனை’ பற்றி ஒரு பருவம் முழுவதும் படித்திருந்தேன். அது எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

பெரிய இடத்தில் என் நிரல் நான்கு பேர் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கும். இங்கே அந்த நான்கு பேர் இல்லை. சீக்கிரம் கற்றுக்கொண்டதற்கும் சீக்கிரம் தவறு செய்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

மூன்று பேர், மூன்று கருத்துகள்

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா ஒரு வங்கியில் ஆறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர். “அங்கே ஒரு பொத்தானின் நிறத்தை மாற்ற மூன்று கூட்டம் நடக்கும். இங்கே காலையில் யோசித்ததை மாலையில் வாடிக்கையாளர் பயன்படுத்துகிறார்” என்பார். ஆனால் குறையும் சொல்வார். தம்மைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், சிக்கல் வந்தால் இணையத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. பதவி உயர்வு என்று ஒன்றும் இல்லை. ஒன்பது பேரில் எங்கே உயர்வது?

இன்னொருவர் பட்டம் பெற்று இரண்டு ஆண்டு ஆனவர். சந்தையில் கிடைக்கும் சம்பளத்தைவிடக் குறைவாகவே வாங்கினார். ஈடாக நிறுவனத்தின் பங்குகளைப் பின்னாளில் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் அடிக்கடி சொல்லும் கதை ஃபிரெஷ்வொர்க்ஸ் உடையது. 2010ல் சென்னையில் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சிறிதாகத் தொடங்கிய அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இந்தியாவிலுள்ள அதன் ஊழியர்கள் 500 பேருக்குமேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 70 பேர் 30 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்றும் கிரிஷ் அப்போது கூறினார்.

கதை உண்மைதான். ஆனால் அப்படிப் பட்டியலிடப்படும் நிறுவனங்கள் மிகச் சில. நிறுவனம் விற்கப்படாமலோ பட்டியலிடப்படாமலோ போனால் அந்த உரிமைக்கு விலையே இல்லை. வீட்டு வாடகையை அதைக் கொண்டு கட்ட முடியாது.

மூன்றாமவர்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். கட்டண வசூல் பகுதியை முதலிலிருந்து எழுதியவர் அவர் ஒருவர்தான். அது எப்படி இயங்குகிறது என்பது வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது. நிரலர்கள் இதை ‘பஸ் ஃபேக்டர்’ என்பார்கள். எத்தனை பேர் திடீரென்று இல்லாமல் போனால் வேலை நின்றுவிடும் என்ற கணக்கு. எங்கள் நிறுவனத்தில் விடை, ஒன்று.

வெள்ளிக்கிழமை மாலைகளில் அண்ணா காமன்வெல்த் டிரைவிலுள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலுக்குப் போவார். 1932ல் ரயில்வே ஊழியர்கள் வழிபடத் தொடங்கிய கோயில் அது. குவீன்ஸ்டவுன் வழியாக ஓடிய மலாயா ரயில் பாதையில் வேலை செய்தவர்கள் அவர்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். காலணியைக் கழற்றிய அண்ணா மடிக்கணினிப் பையை மட்டும் தோளிலிருந்து இறக்கவில்லை. “தங்கச்சி கல்யாணத்துக்கும் இதைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். தாலி கட்டி முடிந்த அரை மணி நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கோளாறைச் சரிசெய்தேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டிசம்பர் மாதக் கூட்டம்

டிசம்பரில் எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மறுநாள் காலை நிறுவனர் எல்லாரையும் கூப்பிட்டு, வெள்ளைப் பலகையில் வங்கியிலுள்ள தொகையையும் மாதச் செலவையும் எழுதினார். ஏழு மாதத்துக்குப் பணம் இருந்தது. பயிற்சி மாணவியான என்னையும் அவர் வெளியே போகச் சொல்லவில்லை.

அந்த அறையில் ஒரே செய்தியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள். வங்கி அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கும். எனக்கு இது ஒரு பயிற்சி. அண்ணாவோ எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பவர். வேலை போய் அந்த அனுமதி ரத்தானால், பொதுவாக 30 நாள்தான் இங்கே தங்க முடியும். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், அல்லது ஊருக்குத் திரும்ப வேண்டும். அவர் மகள் இங்கே பாலர் பள்ளியில் படிக்கிறாள்.

அப்படியென்றால் பெரிய நிறுவனம் பாதுகாப்பானதா? அதுவும் இல்லை. தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மூவர் 2012ல் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த கரோசல், 2022 டிசம்பரில் 110 பேரை, அதாவது ஊழியர்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரை, ஆள்குறைப்புச் செய்தது. ஃபிரெஷ்வொர்க்ஸ் 2024 நவம்பரில் ஏறத்தாழ 660 பேரைக் குறைத்தது. பெரிய இடத்தில் செய்தி ஒருநாள் காலை மின்னஞ்சலில் வந்துவிடும். எங்களுக்கு ஏழு மாதம் முன்பே தெரிந்தது. ஆனால் முன்பே தெரிவதும் ஒரு பாரம்தான். அந்த மாதம் அண்ணா சரியாகத் தூங்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

சிங்கப்பூரில் வேலை பார்ப்போரில் பெரும்பாலோர் சிறிய, நடுத்தர நிறுவனங்களில்தான் இருக்கிறார்கள். நம்மில் பலரும் அங்கேதான் போவோம். எனவே சேர்வதற்கு முன் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

சில விஷயங்களைச் சட்டமே சொல்கிறது. நிறுவனம் எவ்வளவு சிறியதானாலும் சம்பளம் மாதம் ஒருமுறையாவது, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். விவரமான சம்பளச் சீட்டும், முக்கிய வேலை நிபந்தனைகள் எழுத்து வடிவிலும் தரப்பட வேண்டும். இவை 2016 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. மூன்று மாதம் வேலை செய்தவருக்கு முதல் ஆண்டிலேயே குறைந்தது 7 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. “நாங்கள் சின்ன நிறுவனம், குடும்பம் மாதிரி” என்பது இவற்றுக்கு மாற்றாகாது.

சட்டம் சொல்லாதவற்றை நாம்தான் கேட்க வேண்டும். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்க நிரலர் நியூயார்க்கில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்தியவர். 2000ல் அவர் 12 கேள்விகளை எழுதினார். எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். தவறுகளைப் பதிவுசெய்யப் பட்டியல் உண்டா, சோதிப்பதற்கென்று ஆள் உண்டா, அமைதியாக வேலை செய்ய இடம் உண்டா என்பவை அவற்றில் சில. என் அனுபவத்தில் இன்னும் மூன்றைச் சேர்ப்பேன்.

நான் சிக்கிக்கொண்டால் எனக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்? இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? நான் விடுப்பில் போனால் என் வேலையை யார் பார்ப்பார்?

பொங்கல் விடுப்பு

ஜனவரியில் நிறுவனர் என்னிடம், படிப்பு முடிந்ததும் முழுநேரமாகச் சேர்கிறாயா என்று கேட்டார். அந்தச் சம்பளம் எங்கள் வீட்டுக்குச் சிறிய தொகை அல்ல. யோசிக்க நேரம் கேட்டேன். போகும்போது, “அண்ணா விடுப்பில் போனால் அவர் வேலையை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயமாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “யாரும் இல்லை” என்றார்.

அடுத்த நாள் என்னை வேறு எல்லா வேலையிலிருந்தும் விடுவித்து, அண்ணாவின் பக்கத்தில் உட்கார வைத்தார். கட்டணப் பகுதி எப்படி இயங்குகிறது என்பதை அண்ணா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வங்கி அக்கா அதைப் படித்துப் படித்துத் தாமே இயக்கிப் பார்த்தார். புரியாத இடத்தையெல்லாம் திருப்பி அனுப்பினார். 43 பக்கம் வந்தது. ஆறு மாதத்தில் நான் செய்தவற்றில் உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு அண்ணா ஊருக்குப் போனார். இம்முறையும் மடிக்கணினியை எடுத்துக்கொண்டுதான் போனார். பத்து நாளில் ஒருமுறை மட்டும் எங்களை அழைத்தார், அதுவும் தாமாகவே. “ஒன்றும் இல்லையே?” என்றார். “ஒன்றும் இல்லை” என்றோம்.

நான் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தேன். சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் இவ்வளவு சீக்கிரம் நிலைத்துவிட வேண்டாம் என்று தோன்றியது. நிறுவனர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கி அக்கா மார்ச் மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு புதிய வாடிக்கையாளர்கள் வந்திருக்கிறார்கள் என்று அண்ணா சொன்னார். இப்போது எட்டுப் பேர்.

நேர்முகத் தேர்வின் முடிவில் “உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?” என்று கேட்பார்கள். முன்பெல்லாம் ‘இல்லை’ என்று தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவேன். அடுத்த முறை விடுப்பைப் பற்றிக் கேட்பேன். எனக்கு எத்தனை நாள் விடுப்பு என்று அல்ல. கடைசியாக இங்கே விடுப்பில் போனவர் கையோடு மடிக்கணினியைக் கொண்டுபோனாரா என்று.