ஓர்கானின் அரண்மனையில் தெயோதோரா

1346-ஆம் ஆண்டு. மர்மாரா கடலோரத்துச் செலிம்பிரியா நகருக்கு வெளியே, திரைகளால் மூடிய மர மேடையொன்று எழுப்பப்பட்டது. திரை விலகியதும் தீப்பந்தங்களின் ஒளியிலே மணக்கோலத்தில் நின்றாள் தெயோதோரா. இசை முழங்கிற்று, திருச்சபையின் திருமணச் சடங்கு மட்டும் நிகழவில்லை. மணமகனும் அங்கில்லை. ஒஸ்மானியத் துருக்கியரின் தலைவரான ஓர்கான், அவள் தந்தையினும் மூத்தவர்; கப்பல்களையும் குதிரைவீரரையும் அனுப்பிப் பெண்ணை அழைத்துக் கொண்டார்.

தந்தை யோவான் காந்தகுசேன் பைசாந்தியப் பேரரசின் உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்தார். துருக்கியரின் துணைக்கு அவர் தந்த விலை இம்மகள்.

மதம் மாறும்படி வற்புறுத்தப்பட்டும் தெயோதோரா இணங்கவில்லை. விசுவாசத்தைக் கைவிட்ட சிலரை மீண்டும் கிறிஸ்துவிடம் திருப்பினாள், ஏழைகளுக்கு ஈந்தாள், அடிமைகளாய் விற்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பொன் கொடுத்து மீட்டாள். இவற்றைத் தம் வரலாற்று நூலில் எழுதியவர் அவளை அனுப்பி வைத்த அதே தந்தைதான்! குற்றமுள்ள நெஞ்சு ஆறுதல் தேடிற்றோ என நாம் எண்ணலாம். எனினும் அவள் கிறிஸ்தவளாகவே வாழ்ந்தாள் என்பதை ஐயுறக் காரணம் காணோம்.

1347-இல் தாயையும் சகோதரிகளையும் காணக் கான்ஸ்டான்டிநோபிள் வந்தாள். மூன்றே நாட்கள்! பின்னர் அவள் மகன் ஹாலிலைக் கடற்கொள்ளையர் கவர்ந்தனர். 1359-இலேயே பெரும் மீட்புப்பணம் கொடுத்து அவன் விடுவிக்கப்பட்டான். 1362-இல் ஓர்கான் இறந்தபின் தெயோதோரா கான்ஸ்டான்டிநோபிளுக்கே திரும்பி, பேரரசியான தன் சகோதரி எலேனாவுடன் வாழ்ந்தாள்.