அன்பு காரகவேதுவோ, ஞாபகவேதுவோ? — கிறித்துவ நூல்களில் மீட்பும் கடவுளன்பும்

ஒரு சமயத்தாரின் கொள்கையை ஆராயப் புகுவார், அச்சமயத்தார் தம் நூலுக்குத் தாமே கொண்ட பொருளை முதற்கண் உள்ளவாறு உணர்தல் வேண்டும். அங்ஙனம் உணராது கூறும் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருங்கே பயனிலவாம். கிறித்துவ சமயத்திற்கு நடுநாயகமாய் நிற்பது, கிறித்து சிலுவையில் உயிர் நீத்தமையால் மாந்தர்க்குப் பாவநிவிர்த்தி உண்டாயிற்று என்னுங் கோட்பாடு. அக்கோட்பாடு அவர்தம் கடவுளன்பினை யாங்ஙனம் உருவாக்குகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இதனை ஒரு வினாவில் அடக்கலாம். அன்பு செய்தமையாற் பாவம் மன்னிக்கப்பட்டதா? அன்றிப் பாவம் மன்னிக்கப்பட்டமையால் அன்பு பிறந்ததா? முன்னதாயின், அன்பு மன்னிப்பைப் பெறுதற்குக் கொடுக்கும் விலையாம். பின்னதாயின், அது பெற்ற பேற்றின் விளைவாம். விலையாயின், போதிய அளவு கொடுத்தேனோ என்னும் அச்சம் ஒருகாலும் நீங்காது. விளைவாயின் அவ்வச்சத்திற்கு இடனில்லை. ஆகலின் இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. அச்சமயத்தில் நிற்பான் ஒருவன் நாடோறும் எந்நிலையிற் கடவுளை வணங்குகின்றான் என்பதனையே துணிவது.

இதற்கு இடமாய் நிற்பது லூக்காவின் சுவிசேடம் 7ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு வரலாறு. சீமோன் என்னும் பரிசேயன் இயேசுவை விருந்திற்கு அழைத்தான். அவ்வூரிற் பாவியென்று பேர்பெற்ற பெண்ணொருத்தி பரிமளதைலத்தோடு வந்து, அவர்தம் கால்மாட்டில் நின்றழுது, கண்ணீரால் அடிகளை நனைத்துத் தன் கூந்தலால் துடைத்து, முத்தமிட்டுத் தைலம் பூசினாள். இதுகண்டு சீமோன் உள்ளத்தே இழித்தெண்ணினான். அவனுக்கு இயேசு ஓர் உவமை கூறினார். கடன்கொடுத்தான் ஒருவனுக்குக் கடன்பட்டார் இருவர். ஒருவன் 500 வெள்ளிக்காசும் மற்றவன் 50 வெள்ளிக்காசும் தரற்பாலர். இருவர்க்கும் கொடுக்க வகையின்மையின், அவன் இருவரையும் விடுத்தான். இவருள் யாவன் அவன்மாட்டு மிக்க அன்புடையனாவான் என்று வினவ, மிகுதி விடப்பட்டவனே என்றான் சீமோன். பின்னர் இயேசு, கால் கழுவ நீரும் முத்தமும் எண்ணெயும் சீமோன் அளியாமையையும் அவள் அளித்தமையையும் எடுத்துக்காட்டி, அவள் மிக்க அன்பு செய்தமையைச் சுட்டி, அவளுடைய பல பாவங்களும் மன்னிக்கப்பட்டன என்றார்.

இவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் நிற்கும் இடைச்சொல் 'ஹோட்டி' என்பது. 'ஏனெனில்', 'ஆதலின்' என ஏதுப்பொருள்படுவது அது. அன்பு செய்தாள், ஆதலின் மன்னிக்கப்பட்டாள் என நேரே பொருள்கொள்வார், அன்பே மன்னிப்பிற்குக் காரணம் என்பர். அஃது ஒக்குமோ என்று ஆராய்வாம்.

ஏது இருவகைத்து என்பது தண்டியலங்காரம் பயின்றார் அறிந்ததே. ஒன்றனைத் தோற்றுவிப்பது காரகவேது. முன்னரே உளதாயதொன்றனை அறிவிப்பது ஞாபகவேது. 'நெருப்பு உளதாதலின் நீர் கொதித்தது' என்புழி நெருப்புக் கொதித்தலைத் தோற்றுவித்தது. 'புகை உளதாதலின் நெருப்பு உண்டு' என்புழிப் புகை நெருப்பைத் தோற்றுவித்ததன்று. நெருப்பு உண்மையை அறிவித்ததேயாம். இரண்டிடத்தும் 'ஆதலின்' என்னுஞ் சொல் ஒன்றே, பொருட்டொடர்பு வேறு. அங்ஙனமாயின், அப்பெண்ணின் அன்பு நெருப்புப் போல்வதோ, புகை போல்வதோ?

இதனை உவமையே துணியும். கடன்பட்டார் இருவரும் அன்பு செய்தமையாற் கடன் விடப்பட்டாரல்லர்; கொடுக்க வகையின்மையின் விடப்பட்டனர். அன்பு கடன் விட்டபின் எழுந்தது. விட்ட தொகையின் அளவாகவே எழுந்தது. அன்பினைக் காரணமாக்கின், உவமை ஒரு முறையும் பொருள் மறுதலை முறையுமாய் நிற்கும். அன்றியும், அடுத்த தொடரே சிறிது மன்னிக்கப்பட்டவன் சிறிதே அன்பு செய்வான் என்னும் கருத்தினது. இறுதியில் இயேசு அப்பெண்ணை விடுக்குங்கால் அவளைக் காத்தது அவள்தன் விசுவாசம் என்றனரேயன்றி அன்பு என்றிலர். ஆகவே அன்பு ஞாபகவேது ஆதல் தெளிவு. சீர்திருத்தத் திருச்சபையார் நெடுங்காலம் வழங்கிவரும் தமிழ் மொழிபெயர்ப்பிலே, ஈண்டு ஏதுச்சொல் பெய்யாது வினைமுற்றின் ஈற்றில் ஏகாரமே கொடுத்திருத்தலும் நோக்கத்தக்கது. அவ்வேகாரம் இரு பொருட்கும் இடந்தந்து நின்று, துணிவை உவமைக்கே விட்டுவிடுகின்றது.

அற்றேல், இவ்வரலாறு சிலுவைக்கு முற்பட்டதாகலின் மீட்புக் கோட்பாட்டிற்கு இஃது யாங்ஙனம் இயையும் எனின், கூறுதும். கடன்கொடுத்தான் கடனை விடுங்கால் அக்கடன் இல்பொருளாய் ஒழிவதின்று. அவ்விழப்பினைக் கொடுத்தவனே ஏற்கின்றான். 500 காசு விட்டவன் 500 காசு இழந்தவனே. மாந்தரை மன்னித்தலிற் கடவுள் ஏற்ற இழப்பு எவ்வளவிற்று என்பதனைச் சிலுவையிலே காண்கின்றனர் கிறித்துவர். விட்ட கடனின் அளவு தெரிந்துழியே அன்பும் அவ்வளவாய் எழுமாதலின், சிலுவையை இடையறாது நினைத்தல் அவர்தம் பத்திக்கு உயிர்நாடியாயிற்று.

இனி, சினங்கொண்டிருந்த கடவுள் மகன் குருதியைக் கண்டு சினந் தணிந்து அதன்பின் அன்புடையராயினார் என்பது அவர் கொள்கையெனக் கூறுவார் உளர். அஃது அவர் நூலொடு பொருந்தாது. பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்தின் 5ஆம் அதிகாரமும், யோவானின் முதல் நிருபத்து 4ஆம் அதிகாரமும், கடவுளின் அன்பே மகனை விடுத்ததென்றும், மாந்தர் பாவிகளாய் இருந்த காலத்தேயே அவ்வன்பு விளங்கிற்றென்றும் கூறுகின்றன. அன்பு காரணம், சிலுவை காரியம் என்பதே முறை. அகஸ்தீன் (354–430) யோவான் சுவிசேடத்திற்கு இயற்றிய உரையில், கடவுள் நம்மை நேசிக்கத் தொடங்கியது ஒப்புரவிற்குப் பின்னன்று, உலகத் தோற்றத்திற்கும் முன்னரே என விளக்கினார். அவ்வுரையைக் கால்வின் தம் 'கிறித்துவ சமய நெறி' நூலின் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்தாண்டு உடன்பட்டார். ஆகவே கடவுளன்பு சிலுவைக்கு முன்னது. மாந்தரன்பு சிலுவைக்குப் பின்னது.

அங்ஙனமாயின், முன்னரே அன்புடையார்க்குச் சிலுவை எற்றுக்கு? வாளா மன்னித்தல் அமையாதோ? இவ்வினாவிற்கு விரிந்த விடை கூறினார் காந்தர்பரித் தலைமை ஆயராய் விளங்கிய அன்செல்மு (1033–1109). 1098இல் அவர் முடித்த 'கடவுள் மனிதனானது ஏன்' என்னும் நூல், போசோ என்னும் மாணாக்கனொடு நிகழ்த்தும் உரையாடலாக அமைந்தது. பாவமாவது கடவுட்குச் செலுத்தக் கடவதனைச் செலுத்தாமை. அதற்கு ஈடு செய்தல் வேண்டும், அன்றேல் ஒறுப்பு வரும் என்பது அவர் கோள். கழிவிரக்கம், நோன்பு, ஈகை, கடவுட்குப் பணிதல் முதலியவற்றை ஈடாகக் காட்டுகின்றான் போசோ. அவையெல்லாம் பாவஞ் செய்யாதிருந்துழியும் நீ செலுத்தக் கடவனவே. கடமையாய் உள்ளதனைக் கொண்டு பழங்கடனைத் தீர்த்தல் யாங்ஙனம் என மறுக்கின்றார் ஆசிரியர். ஈண்டு அன்பின் நிலையும் பெறப்படும். கடவுளை நேசித்தல் என்றுமுள்ள கடமையாகலின், அது மிகுதிப்பொருளாய் நின்று ஈடாதல் செல்லாது. ஈடு செய்யக் கடவன் மனிதன். செய்ய வல்லவர் கடவுள். ஆகலின் இருதன்மையும் ஒருங்குடையார் ஒருவரே அதனைச் செய்தார் என்று முடிப்பர் அவர்.

அன்செல்முக்குப் பின்வந்த அபேலார்டு (1079–1142), 1130க்கும் 1140க்கும் இடைப்பட்ட காலத்தில் உரோமர் நிருபத்திற்கு எழுதிய உரையில், குற்றமற்றான் ஒருவன் குருதியைக் கடவுள் வேண்டினார் எனல் கொடுமையாகாதோ என்று கடாவினார். கிறித்து பாடுபட்டமை கண்டு நம் உள்ளத்தே பேரன்பு மூளுதலும், அவ்வன்பு நம்மை அடிமையச்சத்தினின்று விடுவித்துப் புதல்வர்தம் உரிமையில் நிறுத்துதலுமே மீட்பு என்பது அவர் விடை. இவர் பிறிதோரிடத்துக் கிறித்து பாவத்தின் ஒறுப்பினை ஏற்றமையும் கூறுவராயினும், இவர் பெயரால் வழங்குவது இவ்வன்புமூட்டற் கொள்கையே.

இதனை எதிர்த்தவர் கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு (1090–1153). போப்பு இரண்டாம் இன்னொசெந்துக்கு அவர் விடுத்த நீண்ட திருமுகத்தில், கிறித்துவின் தாழ்மையும் அன்பும் நமக்கு எடுத்துக்காட்டாதலை அவர் மறுத்திலர். அவை மீட்பு என்னும் அடிப்படையின்றி நில்லா, வெறுவெளியில் ஓவியம் எழுதுவதனை ஒக்கும் என்றார். இதன் நுட்பம் நோக்குக. ஆற்றிலே வீழ்ந்தான் ஒருவனைக் காத்தற்கு மற்றொருவன் குதித்து உயிர் நீப்பின் அஃது அன்பு. வீழ்ந்தார் ஒருவருமின்றி, அன்பைக் காட்டுவேன் என்று குதித்து மாளின் அஃது அன்பாகாது. செயல் பயன்பட்டாலன்றி அன்பும் விளங்காது. இங்ஙனம் மாறுபட்ட இருவரும், சான்சு நகரத்து ஆயர் அவையில் அபேலார்டின் கருத்துக்கள் பழிக்கப்பட்ட பின், அவர் குளூனி மடத்தில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்துப் பகை தீர்ந்தனர். கடவுளன்பினைப் பற்றி வாதிட்டார்க்கு அது தக்க முடிவேயாம்.

இன்னுமொரு தடை. பெற்ற நன்மைபற்றி எழும் அன்பு வாணிக அன்பு ஆகாதோ எனின், இதற்கும் பெர்னார்டு விடை வைத்துள்ளார். 'கடவுளை நேசித்தல்' என்னும் நூலில் அவர் அன்பின் படி நான்கு வகுத்தார். தன்பொருட்டுத் தன்னை நேசித்தல் முதற்படி. தன் நலம்பற்றிக் கடவுளை நேசித்தல் இரண்டாவது. கடவுள்பொருட்டே கடவுளை நேசித்தல் மூன்றாவது. கடவுள்பொருட்டே தன்னையும் நேசித்தல் நான்காவது. நன்மை கருதிய அன்பு இழிந்ததென்று தள்ளப்படாது. அது ஏணியின் கீழ்ப்படி. ஆண்டே நின்றுவிடின் வாணிகம், மேலேறின் பத்தி. அன்றியும் வணிகன் இனிப் பெறற்பாலது நோக்கிக் கொடுப்பான்; கடன் விடப்பட்டவனோ முன்னரே பெற்றுவிட்டான். ஆகலின் அவனன்பிற்குப் பேரம் பேச இடமில்லை.

ஞாபகவேது என்றமையால் அன்பு வேண்டாததொன்று எனக் கருதற்க. நெருப்பு உண்டென்பான் கூற்று, புகையும் வெம்மையும் ஒளியும் யாதொன்றும் இல்வழி நம்பப்படாது. மத்தேயு சுவிசேடம் 18ஆம் அதிகாரத்து ஓர் ஊழியன், அரசனுக்குரிய 10,000 தாலந்து கடன் விடப்பட்டு வெளிப்போந்து, தனக்கு 100 வெள்ளிக்காசு தரவேண்டிய உடனூழியனைத் தொண்டையைப் பிடித்து நெரித்தான். தாலந்து ஒன்று 6,000 வெள்ளிக்காசு என்ப. எனவே அவன் விடப்பட்டது 6 கோடி. விட மறுத்தது 100. ஆறு இலட்சத்தில் ஒரு பங்கினையும் விடாதவன், தான் விடப்பட்டமையை உணர்ந்தவனல்லன் என்பது அவ்வுவமையின் துணிபு. மீட்பினை உணர்ந்தான் என்பதற்கு அடையாளம், தன் பகைவன்மாட்டு அவன் கை தளர்தலே.

ஆகவே கிறித்துவ நூல்கள் கூறும் கடவுளன்பு, மன்னிப்பை வாங்கும் விலையன்று. மன்னிப்புண்மையை அறிவிக்கும் ஞாபகவேது. அதன் காரகவேது, மாந்தர் அன்பு செய்தற்கு முன்னரே அவர்மாட்டு எழுந்த கடவுளின் அன்பு. அவ்வன்பு தனக்கு நேர்ந்த இழப்பைத் தானே ஏற்ற இடம் சிலுவை. இம்முறையைப் பிறழ வைத்து அச்சமயத்தைப் போற்றுதலும் மறுத்தலும் செய்யற்க. முறைபிறழாது உணர்ந்த பின்னரே உடன்பாடும் மறுப்பும் நடுவுநிலை உடையவாம் என்க.