கடிக்கும் நாய்: பிறவியும் பழக்கமும்

நாயின் மூர்க்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே குணம் அல்ல. தட்டில் சோறு இருக்கும்போது யாராவது நெருங்கினால் உறுமும் நாய், வாசற்படி ஏறும் புது ஆளைப் பிடிக்கும் நாய், குட்டிகள் பக்கம் எவரையும் அண்டவிடாத தாய் நாய், காது வலி தாங்காமல் தொட்டவரைக் கடிக்கும் நாய் என எல்லாமே பல்லைத்தான் காட்டுகின்றன. காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. முயலையோ ஆட்டையோ துரத்திப் பிடிப்பது இவற்றோடு சேராது. அதில் கோபமே இல்லை, வேட்டை மட்டுமே உண்டு. மனிதர்மேல் பாயும் நாய்களில் மிகப் பலவற்றின் மனதில் இருப்பது பயம். வளர்ப்பவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. பயந்த நாயும் துணிந்த நாயைப் போலவேதான் குரைக்கும். பயந்த நாய் ஓடலாம், அசையாமல் நிற்கலாம், எதிர்க்கலாம். சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடுகிற வழி அடைபட்டுவிடுகிறது.

இந்தக் குணம் ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்று கேட்டால், தமிழ்நாட்டின் நாட்டு நாய் இனங்கள் முதலில் ரத்தத்தின் பக்கம் சாட்சி சொல்கின்றன. தேனி மாவட்டத்துக் கோம்பை, காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டது. செந்நிற உடம்பு, கறுத்த வாய், அந்நியரை எளிதில் ஏற்காத மனம். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. இந்திய அஞ்சல் துறை 2005 ஜனவரி 9 அன்று வெளியிட்ட நான்கு நாய் இனத் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டும் ஓட்ட நாய்கள். அவற்றுள் கன்னி கூச்ச சுபாவம் கொண்டது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். எல்லாம் தென்மாவட்ட வெயிலில், ஏறக்குறைய ஒரே தீனியைத் தின்று வளர்ந்தவைதான். ஆனாலும் புது ஆள் வரும்போது ஒவ்வொன்றும் நடந்துகொள்ளும் விதம் வேறு. எந்த வேலைக்கு எந்த நாய் ஒத்துவந்ததோ அதையே ஈனவிட்டு, ஒத்துவராததை விலக்கிவந்த தலைமுறைகளின் விளைவு அது.

இதற்கு மறுக்க முடியாத சோதனைச் சான்று நாயிடம் கிடைத்ததல்ல, நரியிடம் கிடைத்தது. 1959-ல் ரஷ்ய மரபியலாளர் திமீத்ரி பெலியாயெவ், சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் தோலுக்காக வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகளில் மனிதரைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கினார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக்கொண்டு ஆளிடம் ஓடிவரும் நரிகள் பிறந்தன. பின்னர் அங்கேயே, மனிதரைக் கண்டால் சீறிப் பாயும் நரிகளைத் தேர்ந்து எதிர்வரிசை ஒன்றையும் உருவாக்கினார்கள். மூர்க்க வரிசையின் குட்டிகளைப் பிறந்தவுடன் சாது நரியிடம் பால்குடிக்கவிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்த பிறகும் அவை மூர்க்கமாகவே இருந்தன. வளர்ப்புத் தாயின் சாந்தம் அவற்றிடம் ஒட்டவில்லை.

அப்படியானால் இனத்தின் பெயரை வைத்தே நாயை எடைபோட்டுவிடலாமா? முடியாது. 2022-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொடரைப் படித்தும் செய்யப்பட்டது. தனி நாய்களுக்கிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தால் விளக்க முடிந்தது. குறிப்பாக, நாய் எவ்வளவு எளிதில் சீண்டப்படும் என்பதை இனத்தின் பெயர் ஏறக்குறைய சொல்லவே இல்லை. நரிச் சோதனையும் இதுவும் ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தோன்றும், முரண் இல்லை. நரிகளை ஒரே ஒரு குணத்துக்காக, தலைமுறை தவறாமல், கறாராகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய இன நாய்களைப் பெரும்பாலும் நிறத்துக்கும் உயரத்துக்கும் முகத்துக்குமே தேர்ந்தெடுக்கிறார்கள். குணம் மரபில் வருகிறது. ஆனால் அது இனத்தைவிட அந்தந்தத் தாய் தந்தை வழியில்தான் வருகிறது. ஆகவே குட்டி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது சான்றிதழை அல்ல. தாய் நாயைக் கட்டவிழ்த்துக் காட்டச் சொல்ல வேண்டும். புது ஆளைக் கண்டு தாய் மூலைக்குள் பதுங்கினால், அல்லது அடங்காமல் பாய்ந்தால், அந்தக் குட்டியை விட்டுவிடுவது நல்லது. இங்கே ரத்தமும் பழக்கமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: மிரளும் தாயின் மரபணு குட்டிக்கு வருகிறது, தாய் யாரைக் கண்டு மிரள்கிறது என்பதைப் பார்த்தும் குட்டி கற்றுக்கொள்கிறது.

2024-ல் இந்த விவாதம் சட்டத்தின் வாசலுக்கே வந்தது. மார்ச் 12 அன்று மத்திய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதி, விற்பனை, இனப்பெருக்கத்துக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று ஏப்ரல் 10-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 5 அன்று சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. நாடே பதறியது நியாயம். ராட்வீலரின் தாடை வலிமையும் உடல் எடையும் ஒரு கடியை உயிராபத்தாக்குபவை என்பதும் உண்மை. ஆனால் இனத்தின் பெயரில் மட்டும் நின்றுவிட்டால், அந்த நாய்களைக் கயிறும் வாய்ப்பூட்டும் இல்லாமல் குழந்தைகள் இருக்கும் இடத்தில் விட்டது யார் என்ற கேள்வி தப்பிப்போய்விடும்.

பிறவியில் வருவது கடி அல்ல, வாசல்மட்டம். அதாவது எவ்வளவு தூண்டினால் நாய் பல்லைக் காட்டும் என்ற அளவு. அந்த மட்டத்தை வலியும் நோயும் கீழே இறக்கும். இடுப்பு மூட்டுத் தேய்மானம், காதில் சீழ், பல் சொத்தை, தைராய்டு குறைபாடு ஆகியவை சாதுவான நாயையும் சிடுசிடுப்பாக்கக்கூடியவை. ராஜபாளையம் வளர்ப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளை உடம்போடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது நாய்களில் அறியப்பட்ட மரபுக் குறை. ராஜபாளையத்திலும் அது உண்டு. காது கேளாத நாய் தூங்கும்போது யாராவது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அதைத் திமிர் என்று நினைத்து அடிப்பது கொடுமை. குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தாலே சந்தேகம் பாதி தீரும்.

பழக்கத்தால் வரும் பாதியில் மிக முக்கியமான காலம் பிறந்து மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை. 1961-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், மனிதர் முகமே பார்க்காமல் வேலியிட்ட வயலில் பதினான்கு வாரம் வளர்ந்த குட்டிகள், பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் காட்டு விலங்கைப் போலவே மிரண்டன. அந்த வாரங்களில் பார்த்தது, கேட்டது, மிதித்தது எல்லாம் நாய்க்கு ஆயுள் முழுக்க ‘சாதாரணம்’. பார்க்காதது சந்தேகத்துக்குரியது. விசைத்தறிச் சத்தத்தில் பிறந்த குட்டி அந்தச் சத்தத்தில் சுருண்டு தூங்கும். தோட்டத்து வீட்டில் வளர்ந்து ஆறு மாதத்தில் தறி ஓடும் வீட்டுக்கு வந்த நாய் நடுங்கும். ஆகவே அந்த வாரங்களில் குடை பிடித்தவர், தாடி வைத்தவர், சைக்கிளில் வருபவர், கைக்குழந்தை, கிழவர் என்று பலரையும் குட்டி அச்சமில்லாமல் சந்திக்க வேண்டும். கூடவே, எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஒரே ஈத்துக் குட்டிகள் விளையாட்டில் ஒன்றையொன்று கடித்து, அழுத்திக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்று அங்கேதான் கற்கின்றன. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதை 2017-ன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடைசெய்கின்றன. ஊர்களில் நான்கு வாரக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோவது இன்னும் நடக்கிறது.

குட்டிப் பருவம் கழிந்த பிறகும் பழக்கம் நாயை மாற்றிக்கொண்டே இருக்கிறது. சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்றான அம்மாபேட்டை, நெசவாளர் பகுதி. வீடும் தறியும் ஒரே கூரைக்குள் இருக்கும் இத்தகைய தெருக்களில் நூல் கொண்டுவருபவர், துணி எடுத்துப்போகிறவர், பால்காரர், கூரியர் என்று நாள் முழுக்க ஆள் வந்துபோகும். வாசலில் நாய் கட்டியிருக்கிறது. ஆள் வருகிறார், நாய் குரைக்கிறது, ஆள் வேலையை முடித்துப் போய்விடுகிறார். அவர் தன் வேலை முடிந்து போனார் என்பது நாய்க்குத் தெரியாது. குரைத்ததால் போனார் என்றே அது கணக்கு வைக்கும். ஒரு நாளில் பத்து முறை, வருடத்தில் சில ஆயிரம் முறை இந்தப் பாடம் நடக்கிறது. என்றாவது ஒருவர் போகாமல் நின்றால் குரைப்பு உறுமலாகும், உறுமல் பாய்ச்சலாகும், சங்கிலி எட்டினால் கடியாகும். “நம்ம நாய் ஒருத்தரையும் உள்ள விடாது” என்று வீட்டார் பெருமையாகச் சொல்வதும் இந்தப் பாடத்தில் சேரும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய் காவலும் காப்பதில்லை; பால்காரருக்கும் திருடனுக்கும் அது ஒரே மாதிரிதான் குரைக்கும். 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், நியாயமற்ற நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டுவதையும், எப்போதும் கட்டிவைத்த நாயை நடமாடவிடாமல் இருப்பதையும் குற்றமாகச் சொல்கிறது.

அடித்துத் திருத்தலாம் என்ற எண்ணம் கெடுதலில் எல்லாவற்றுக்கும் மேல். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தைச் சிக்கலுக்காக வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு 2009-ல் வெளியான ஆய்வில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களின் நாய்களில் 43 விழுக்காடு பதிலுக்கு மூர்க்கம் காட்டின. மல்லாக்கப் புரட்டி அமுக்கியபோது 31 விழுக்காடும், முறைத்துப் பார்த்தபோது 30 விழுக்காடும் அப்படியே செய்தன. அதிலும் ஆபத்து, உறுமலுக்குத் தண்டனை கொடுப்பது. உறுமல் நாயின் எச்சரிக்கை. அடி வாங்கிய நாய் பயத்தை விடுவதில்லை, எச்சரிப்பதை மட்டும் விட்டுவிடுகிறது. ‘சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல நாய்கள் ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தவை. தலையைத் திருப்புதல், உதட்டை நக்குதல், கொட்டாவி, கண் வெள்ளை தெரிய ஓரப்பார்வை, உடம்பு விறைத்து நிற்றல் ஆகியவை உறுமலுக்கும் முந்திய அறிகுறிகள். வாலாட்டுவதை நட்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விறைத்து உயர்த்திய வால் மெல்ல ஆடுவது பெரும்பாலும் எச்சரிக்கையே.

சரிசெய்யும் வேலை கால்நடை மருத்துவரிடம் தொடங்குகிறது. வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சேலம், நாமக்கல் வட்டாரத்தினருக்கு 1985 முதல் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்தது, கடிக்க வாய்ப்பே தராமல் வீட்டை ஒழுங்குபடுத்துவது: நாயை வாசலிலிருந்து உள்முற்றத்துக்கோ மாடிக்கோ மாற்றுவது, தின்னும்போது தனியே விடுவது, வெளியே போகையில் வாய்ப்பூட்டு. கூடை வடிவ வாய்ப்பூட்டில் நாய் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வெயில் காலத்தில் ஆபத்து. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை எந்த நாயோடும் தனியாக விடக் கூடாது. இந்த விதிக்கு விலக்கு இல்லை.

அதன்பின் பாடத்தைத் திருப்பி எழுத வேண்டும். பால்காரரைக் கண்டால் பாயும் நாய், அவர் தெருமுனையில் நிற்கும்போது பாயாது. அந்தத் தூரத்தில்தான் வேலை. அவர் தெரிந்தவுடன் நாய்க்குப் பிடித்த கறித்துண்டு. அவர் மறைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். நாய் அவரைப் பார்த்ததும் வளர்ப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் பாடம் ஏறுகிறது என்று பொருள். அப்போது சில அடி நெருங்கலாம். விறைத்தால் பின்வாங்க வேண்டும். இது வாரங்களில் நடப்பது, சில நாய்களுக்கு மாதங்கள். தீபாவளி வெடிச் சத்தம் எல்லாவற்றையும் ஒரே இரவில் பின்னுக்குத் தள்ளவும் கூடும். மிகுந்த பயமுள்ள நாய்க்கு ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற மருந்தை மருத்துவர் தருவது உண்டு. கருத்தடை செய்தால் கடி நின்றுவிடும் என்பது முழு உண்மை அல்ல. ஆண் நாய்களின் அலைச்சலும் சண்டையும் குறையலாம், பயத்தால் வரும் கடிக்கு அது மருந்தாகாது. ஆனால் காரணமில்லாமல் கடிக்கும் நாயை ஈனவிடாமல் இருக்க அது உதவும், அதுவே பெரிய நன்மை. நல்ல நிறம், நல்ல உயரம் என்பதற்காகக் கடிநாயை ஈனவிடுகிறவர் அடுத்த தலைமுறைக் கடிகளுக்கும் பொறுப்பாளி.

தெரு நாய்களுக்கு விதி வேறு. 2023-ன் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமாக நடப்பவற்றையும் அப்படித் திரும்ப விடக் கூடாது என்றது. வளர்ப்பு நாய் விஷயத்தில் காட்டும் அலட்சியத்துக்கு உரிமையாளரே பதில் சொல்ல வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று நடத்தை மாறிக் கண்டதையெல்லாம் கடிக்கும் நாய்க்குப் பயிற்சி பார்க்கக் கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். நாய் எதுவானாலும் கடிபட்டவர் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ மிளகாயோ சுண்ணாம்போ வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தோலுக்குள் போடும் தடுப்பூசி முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடப்படுகிறது. ரத்தம் வந்த கடிக்கு காயத்திலேயே போடும் எதிர்ப்புச் சீரமும் வேண்டும். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற மருந்து இல்லை.