12 மாதத்துக்கு 13 தடவை பணம்!

மாதம் ஒரு தடவை ரீசார்ஜ் செய்தால், ஆண்டுக்கு எத்தனை தடவை?

"பன்னிரண்டு" என்பீர்கள். அதுதான் இல்லை!

நம் நாட்டில் பல செல்போன் திட்டங்களுக்கு ஆயுள் 28 நாள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 தடவை பணம் கட்டினால் 364 நாள் ஓடும். ஒரு தடவைக்கு 200 ரூபாய் என்றால், நினைத்ததைவிட 200 ரூபாய் கூடுதல். வீட்டில் 4 போன் இருந்தால் 800 ரூபாய்!

அரசின் உத்தரவு

இதுபற்றி மக்கள் புகார் செய்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்று வைத்திருக்கவேண்டும். மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒன்று வேண்டும்.

ஆகவே, கடையில் உடனே தலையாட்டாதீர்கள். "எத்தனை நாள் வரும்?" என்று கேளுங்கள். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். எது லாபம் என்பது தெரிந்துவிடும்!