தரமும் அளவும்: தொப்புட்கொடிக் குருதி மாற்றீடு பற்றிய ஒரு நோக்கு

'தரம்' என்ற சொல் இலக்கிய விமர்சனத்தில் ஈடுபடுவோருக்குப் புதியதன்று. அது ஒரு பொருளினுள் இயல்பாகவே உறையும் குணமா, அன்றி அப்பொருளுக்கும் அது பயன்படும் சூழலுக்குமிடையிலான உறவிலே தோன்றுவதா என்னும் வினா நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதொன்று. மருத்துவ விஞ்ஞானத்தின் ஒரு துறையில் இவ்வினா உயிர்ப் பிரச்சினையாகவே எழுந்துள்ளது. வளர்ந்தோரின் குருதிப் புற்றுநோய்க்குத் தொப்புட்கொடிக் குருதியைச் செலுத்தும் சிகிச்சையையே இங்கு குறிப்பிடுகின்றோம்.

குருதிக் கலங்கள் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்து தோன்றுவன. நோயுற்ற மச்சையைக் கடும் மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் அழித்து, பிறரொருவரின் நலமான மூலக்கலங்களை அங்கு குடியேறச் செய்வதே மாற்றீட்டின் சாரம். இதற்குக் கொடையாளியின் எச்.எல்.ஏ. எனப்படும் இழைய அடையாளங்கள் நோயாளியினுடையவற்றோடு பொருந்துதல் வேண்டும். பிரசவத்தின் பின் நஞ்சுக்கொடியோடு எறியப்பட்டு வந்த குருதியிலும் இம்மூலக்கலங்கள் உள. 1988இல் பரிஸ் நகரின் சென் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழுவினர், ஃபன்கோனி இரத்தச்சோகையுற்ற சிறுவனொருவனுக்கு அவனது தங்கையின் தொப்புட்கொடிக் குருதியைச் செலுத்தி வெற்றி கண்டனர். பொருத்தமான கொடையாளர் கிடைக்காத வளர்ந்தோருக்கும் இது பயன்படும் என்பதை 2004இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின.

சிசுவின் நிர்ப்பீடனக் கலங்கள் முதிர்ச்சியடையாதவை. ஆதலால், ஆறு அடையாளங்களுள் இரண்டு பொருந்தாவிடினும் இக்குருதி ஏற்கப்படுகின்றது. இதன் சமூக முக்கியத்துவம் பெரிது. ஐக்கிய அமெரிக்காவின் கொடையாளர் பதிவேடு பற்றி 2014இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஐரோப்பிய வழிவந்த வெள்ளையருள் 75 சதவீதத்தினருக்கு முற்றிலும் பொருந்தும் கொடையாளர் கிடைக்கக்கூடும். தென், மத்திய அமெரிக்க வழிவந்த கறுப்பினத்தவருக்கோ 16 சதவீதமே. தொப்புட்கொடிக் குருதியைக் கணக்கிற் கொண்டால், எவ்வினத்தவராயினும் வளர்ந்தோருட் பெரும்பான்மையோருக்கு ஏதோவொரு பை கிடைக்கும்.

ஆயின் கிடைக்கும் பை போதுமானதா என்பதே அடுத்த வினா. உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 2.5 கோடி கருவுள்ள கலங்கள் வேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்பட்ட அளவுகோல். 20 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு 50 கோடி போதும். 70 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு 175 கோடி வேண்டும். பிள்ளைக்குத் தரமானதாயிருந்த அதே பை வளர்ந்தவருக்குத் தரங்குறைந்ததாகிவிடுகின்றது. கலங்கள் குறைந்தால் ஒட்டு நிலைகொள்ளத் தாமதமாகும். அவ்விடைக்காலத்தில் தொற்றுநோய் நோயாளியைக் கொண்டுபோய்விடவும் கூடும்.

எண்ணிக்கை மாத்திரமும் போதாது. இக்குருதி திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை வரையான குளிரில் பேணப்படுகின்றது. உருக்கியெடுத்த பின்னர் சீ.டி. 34 என்னும் அடையாளத்தையுடைய மூலக்கலங்களில் 75 சதவீதத்துக்குக் குறைவானவையே உயிருடனிருப்பின், அப்பை நிலைகொள்ளும் வாய்ப்பு மிகச் சிறிது என்பதை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனவே வங்கியின் ஏட்டிற் பதிந்த எண் வேறு. நோயாளியின் உடலுட் புகும் எண் வேறு. சேகரித்த தாதியின் கைத்திறன், பை ஆய்வுகூடத்தை அடைய எடுத்த நேரம், உறையவைத்த முறை ஆகிய மனித உழைப்பனைத்தும் தரம் என்ற அச்சொல்லினுள் அடங்கியுள்ளன.

கலக்குறையை வெல்ல இரு வழிகள் தோன்றின. ஒன்று, இரு பைகளை ஒருங்கே செலுத்துதல்; பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே இறுதியில் நிலைக்கின்றது. மற்றையது, ஆய்வுகூடத்திற் கலங்களைப் பெருக்குதல். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமிடுபிசெல் இவ்வகையினது. அதன் பரிசோதனையில் வெண்குழியங்கள் மீளும் இடைக்காலம் 22 நாளிலிருந்து 12 நாளாகக் குறைந்தது. ஆனால் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 338,000 டொலர்.

இதற்கிடையில், பாதி பொருந்தும் உறவினரின் மச்சையைச் செலுத்தி, 1950களிலிருந்தே வழக்கிலுள்ள மலிவான சைக்குளோபொஸ்பமைட் மருந்தை அதன்பின் கொடுக்கும் முறை பரவியது. இரு பைக் குருதியையும் இம்முறையையும் ஒப்பிட்ட அமெரிக்கப் பரிசோதனை 2021இல் வெளியானது. இரு ஆண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தோர் முறையே 46, 57 சதவீதத்தினர். தொப்புட்கொடிக் குருதியின் பயன்பாடு குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். எனினும் அதனை முற்றாக ஒதுக்குதல் தவறு. மாற்றீட்டுக்கு முன் நோயின் எச்சம் காணப்பட்டவருள், இக்குருதி பெற்றோருக்கு நோய் திரும்புதல் குறைந்திருந்தமையை 2016இல் சியற்றில் ஆய்வொன்று காட்டியது.

பொது வங்கியில் வைத்த பை தேவைப்படும் எவருக்கும் உரியது. தனியார் வங்கிகளோ பெற்றோரின் அச்சத்தைச் சந்தையாக்கி, சொந்தப் பிள்ளைக்கெனக் குருதியைச் சேமித்து ஆண்டுதோறும் பணம் பெறுகின்றன. அப்பிள்ளைக்குப் பின்னர் குருதிப் புற்றுநோய் வருமாயின், அதன் வித்து அச்சேமிப்பிலேயே இருத்தல் கூடும். ஆகவே அது பெரிதும் பயன்படுவதில்லை. பெருந்தொகைக் கலங்களைக் கொண்ட, பல்லினத் தாய்மாரிடமிருந்து பெறப்பட்ட பைகளே வளர்ந்த நோயாளிகளுக்குத் தேவை. அவற்றைத் திரட்டும் செலவைச் சமூகம் ஏற்காதவிடத்து, பதிவேட்டில் 16 சதவீதத்தினருள் ஒருவராகும் வாய்ப்பும் இழந்தோர்க்கு எஞ்சுவது மிகச் சிறிதே.